என் குதிகால் நின்ற இடம்

புதிதாக பேட்ஜ் வாங்கியிருக்கும் கைடுகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் சங்கத்தில் கேட்டார்கள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "உங்க அனுபவம் சார், எதை வேணாலும் எழுதுங்க" என்றார்கள். எதை வேண்டுமானாலும் எழுதச் சொல்கிறவர்கள் எதையும் படிக்கப் போவதில்லை. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எந்தக் கோபுரம் எவ்வளவு உயரம், எந்த மண்டபத்தை எந்த ராஜா கட்டினார் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் பாதகமில்லை, வருகிற விருந்தாளியின் போனுக்குத் தெரியும். நீங்கள் தப்பாகச் சொன்னால் அது உங்கள் எதிரிலேயே திருத்திவிடும். அதனால் அந்த வேலையை போனிடமே விட்டுவிட்டு, நான் காலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கைடு வேலைக்கு வாய் போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறோம். என் சர்வீஸில் வாய் வலித்து வேலையை விட்ட ஒரு கைடைக்கூட நான் பார்த்ததில்லை. கால் போய் வீட்டில் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். காலையில் ஸ்ரீரங்கம், மதியம் திருவானைக்காவல், சாயங்காலம் மலைக்கோட்டைப் படிக்கட்டு. எல்லா இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு, கருங்கல் தரையில், கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டு, சிரித்த முகத்தோடு பேச வேண்டும். சித்திரை வெயிலில் அந்தச் சிரிப்பை முகத்தில் ஒட்டி வைத்திருப்பதற்கே தனியாக ஒரு பேட்ஜ் கொடுக்கலாம்.

என் வலது பாதம் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. உள்பக்கத்து வளைவு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசியில் தட்டையாகிவிட்டது. குளித்துவிட்டு வந்தால் தரையில் தோசைக்கல்லை வைத்து எடுத்த மாதிரி அச்சு விழும். "கிருஷ்ண ஜெயந்திக்கு நான் மாவுல போடுற பாதத்துக்குக்கூட ஒரு வளைவு இருக்குங்க" என்று என் மனைவி ஆறுதல் சொன்னாள். கணுக்கால் உள்பக்கம் வீங்கி, மலைக்கோட்டையில் பாதிப் படியில் நின்று காவிரியை ரசிப்பதாக நடிக்கத் தொடங்கிய பிறகுதான் தில்லைநகரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன்.

அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குதிகால் எலும்பை வெட்டி, கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளி வைத்து, ஸ்குரூ போட்டு இறுக்கி, தளர்ந்துபோன தசைநாருக்குப் பதிலாகப் பக்கத்து நாரை இழுத்துக் கட்டிவிடலாம் என்றார். கதவு கீல் மாற்றுகிறவரின் குரலில் சொன்னார். "பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்." அடுத்தவர் காலில் நடக்கும் எந்த ஆபரேஷனும் சின்ன ஆபரேஷன்தான் என்பது எனக்கு அப்புறம் புரிந்தது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதில் எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்தது. திருவானைக்காவலில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டு, மாவுக்கட்டுப் போட்ட காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்து என்னைக் கிடத்தினார்கள். காலைத் தரையில் வைக்கவே கூடாது என்பது உத்தரவு. அப்படிக் கிடந்தபோதுதான் நம் ஊரில் எவ்வளவு டாக்டர்கள் படிக்காமலேயே உருவாகியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஒருவர் ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடும் என்றார். சைவக்காரரான இன்னொருவர் அதே காரியத்தைப் பிரண்டைத் துவையல் செய்யும் என்றார். பச்சைமலையிலிருந்து ஒருவர் கரும்பச்சை நிறத்தில் எண்ணெய் கொண்டுவந்தார். மாவுக்கட்டு மேல் அதை எப்படித் தடவுவது என்று கேட்டதற்கு, "நம்பிக்கை வேணும் சார்" என்று கோபித்துக்கொண்டார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் பெரியப்பாவுக்கும் இதே ஆபரேஷன் நடந்ததாகச் சொன்னார். எனக்கு ஆசை வந்துவிட்டது. "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவரு போய்ச் சேந்துட்டாரு சார். ஆனா காலால இல்ல."

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாத உபகாரத்தைச் செய்தவன் என் மனைவியின் தம்பி. நல்ல பையன். பையன் என்றால் பேரன் எடுத்தவன். ஒருநாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தான்.

"மாமா, இனிமே நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. சமயபுரத்தாகிட்ட வேண்டிக்கிட்டு வந்துட்டேன். கால் வலி சுத்தமாப் போயிட்டா இங்கேருந்து பாதயாத்திரைன்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நல்லது மாப்ளே. அவ்வளவு தூரம் எனக்காக நடக்கிறேன்னியே, அதுவே போதும்."

"நான் எங்க மாமா நடக்கிறது? கால் உங்களுது. நீங்கதான் நடக்கணும். செருப்பு போடாம."

என் மனைவியைப் பார்த்தேன். "சாமி காரியம், ஏதும் ஏடாகூடமாப் பேசிடாதீங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலில் ஸ்குரூ போட்டுக்கொண்டவன் ஒருத்தன், கொள்ளிடம் பாலம் தாண்டி வெறுங்காலோடு நடக்க வேண்டியவனும் அவனே. வேண்டிக்கொண்ட புண்ணியம் மட்டும் மச்சினனுக்கு. எங்கள் குடும்பத்தில் வேலைப் பங்கீடு எப்போதுமே இப்படித்தான்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு பிசியோதெரபி. அங்கே இருந்த அம்மாவுக்கு என் மகளைவிட வயது குறைவு. நாக்கு மட்டும் என் மாமியாரைவிட மூத்தது. முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, "வலி எப்பம்மா போகும்?"

"வலி கொஞ்ச நாள் கூடவே இருக்கும் சார்."

"கொஞ்ச நாள்னா?"

"நீங்க இந்தக் கேள்விய கேக்குறத நிறுத்துற வரைக்கும்."

அந்த அம்மா சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். வலியை அது வரும்போது அளக்காதீர்கள் என்றார். நடக்கும்போது வலித்து, ராத்திரி அடங்கி, மறுநாள் காலையில் முதல் அடி வைக்கும்போது பழைய நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் நடந்தது சரி. மறுநாள் காலையிலும் அது அங்கேயே உட்கார்ந்திருந்தால் நேற்று நீங்கள் முட்டாள்தனம் செய்திருக்கிறீர்கள். "இன்னிக்குப் பண்ணது சரியா தப்பான்னு நாளைக்குக் காலைல உங்க குதிகால் சொல்லும் சார். அதுகிட்ட பொய் சொல்ல முடியாது."

அப்புறம் செருப்பு. உள்பக்கம் மேடு வைத்த, பார்ப்பதற்கு ஆஸ்பத்திரி கட்டில் மாதிரி இருக்கும் ஒரு செருப்பை எனக்கென்று அளவெடுத்துச் செய்தார்கள். இனிமேல் வீட்டுக்குள்கூட இது இல்லாமல் நடக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் கோயில் கைடு என்று சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது லைட்டா பாருங்களேன்" என்றார். கலெக்டர் வேலை காலியாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், மனைவி பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் எனக்கு அழுகை வந்தது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். அறியாத நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லைக் காட்டி, அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கிற வேலை. அது இல்லாவிட்டால் முன்னறைக் கட்டிலில் கிடந்து வருகிறவர்களின் வைத்தியக் குறிப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பயமாக இருந்தது. ரொம்பவே பயமாக இருந்தது.

பிசியோதெரபி அம்மாவிடம் போய் இதையே வேறு மாதிரிக் கேட்டேன். அவர் டாக்டரைப் போல ஒரேயடியாகக் கதவைச் சாத்தவில்லை. "செருப்பில்லாம கொஞ்ச நேரம் சமாளிக்கலாம் சார். நடக்குறதவிட எதுலயும் சாயாம நிக்கிறதுதான் உங்க காலுக்கு எதிரி. நின்னா எதுலயாவது நல்லா சாஞ்சுக்குங்க. வலி ஆரம்பிச்ச உடனே நில்லுங்க. தாங்க முடியாமப் போன பிறகு நிக்கிறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார்.

அப்போது எனக்குப் பெரும்பாலான குரூப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு டிராவல்ஸ் மேனேஜர். வயதில் என்னைவிடச் சின்னவர். ஆபரேஷன் முடிந்ததும் போன் செய்தார். "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே, அவசரமே இல்ல" என்றார். நம் தொழிலில் அவசரமே இல்லை என்றால் வேறு ஆள் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். போட்டிருந்தார். காதில் மாட்டும் மைக், கையில் சின்னக் கொடி, ஓடி ஓடிப் படம் எடுத்துக் கொடுக்கும் சுறுசுறுப்பு எல்லாம் உள்ள இளைஞன். அவன் கால் வளைவும் நன்றாகவே இருந்திருக்கும்.

நான் திரும்ப வரத் தயார் என்று சொன்னபோது மேனேஜர் சுற்றி வளைத்தார். கடைசியில், "மலேசியாவுலேருந்து ஒரு குரூப் வருதுண்ணே. எல்லாம் பெரியவங்க. ஸ்ரீரங்கம் மட்டும் நீங்க பாருங்க. நானும் வேன்ல வரேன். அத வச்சு அடுத்த சீசனைப் பத்திப் பேசிக்கலாம்" என்றார். பரீட்சை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை இருந்தது.

நான் திட்டம் போட்டேன். வழக்கமாகத் தெற்கு வாசல் வழியாக உள்ளே போய், எல்லாம் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பி வருவோம். திரும்பி வருவதுதான் காலைக் கொல்லும். அதனால் தெற்கே நுழைந்து, வெள்ளைக் கோபுரத்துக் கிழக்கு வாசல் வழியாக வெளியேறிவிடுவது, வேனைக் கிழக்கு வாசலுக்கே வரச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பாதி நடை மிச்சம். டிரைவருக்குச் சொல்லிவிட்டேன், மேனேஜருக்குச் சொல்லிவிட்டேன், குரூப்புக்கும் சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது படிக்கும் உங்களில் யாருக்காவது இந்தத் திட்டத்தில் ஓட்டை தெரிந்தால் நீங்கள் நல்ல கைடு ஆவீர்கள். எனக்கு அன்று தெரியவில்லை.

தெற்கு வாசலில் எல்லோருடைய செருப்பையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி ஸ்டாண்டில் கொடுத்தேன். என் கட்டில் செருப்பும் அதற்குள் போனது. டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேண்டிக்கொள்ள வேண்டியவர்களையெல்லாம் வேண்டிக்கொண்டு உள்ளே கால் வைத்தேன்.

முதல் பாதி ஒருவழியாகப் போய்விட்டது. எல்லோரும் பெற்றோர் பிறந்த ஊரைத் தேடி வந்த வயதானவர்கள், கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. பிராகாரத்தில் சூடு தெரியாமல் இருக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்த பாதையில் நெரிசல். ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில் வலது குதிகாலில் ஆரம்பித்துவிட்டது. ஆணி அடித்த மாதிரி என்று சொல்வார்களே, அது பொய். ஆணி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை யாரோ மெதுவாகத் திருகுகிறார்கள், அதுதான் சரியான வர்ணனை.

நான் அடுத்து நிற்க வேண்டிய இடம், எல்லோரும் படம் எடுக்கிற குதிரைத் தூண்கள், இன்னும் தொலைவில் இருந்தது. பழைய நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். வலி ஆரம்பித்த உடனே நில்லுங்கள் என்ற குரல் காதில் கேட்டது. பக்கத்தில் நிழல் இருந்தது. நிழலில் ஒரு தூண் இருந்தது. போய்ச் சாய்ந்துவிட்டேன்.

சாய்ந்த பிறகுதான் பார்த்தேன், குரூப் முழுவதும் அந்தத் தூணைச் சுற்றி அரைவட்டமாக நின்று என் வாயைப் பார்க்கிறது. கைடு நின்றால் அங்கே ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? திரும்பித் தூணைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. யாளி இல்லை, கொடி இல்லை, ஒரு பூ கூட இல்லை. மழுமழுவென்று வெறும் கல். அக்கம்பக்கத்துத் தூண்களில் எல்லாம் ஏதோ ஒரு சிற்பம் இருந்தது.

வாய்க்கு வேலை வந்தது. நம்மில் சிலர் இந்த இடத்தில் ஒரு ராஜாவையும் ஒரு சிற்பியையும் ஒரு காதலையும் உடனே தயாரித்திருப்பார்கள். எனக்கு வலியில் அவ்வளவு கற்பனை ஓடவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். "பக்கத்துத் தூண்ல எல்லாம் ஏதாவது செதுக்கியிருக்காங்க. இதுல மட்டும் ஒண்ணுமில்ல. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா கைய வச்சுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கும்."

எல்லோரும் கையை வைத்தார்கள். நிழலில் இருக்கும் கருங்கல் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஒருவர் சாய்ந்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி சாய்ந்தார். இடம் போதாமல் அடுத்தடுத்த தூண்களில் சாய்ந்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் ஒரு பெரியவர்.

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருங்க."

என் சர்வீஸிலேயே நான் குரூப் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றுதான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கேயோ நாதஸ்வரம் கேட்டது. ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். திருகல் குறைந்ததும் கிளம்பினேன். அதற்கப்புறம் சாய இடம் இருந்த இடமெல்லாம் எனக்குச் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த இடமாகிவிட்டது. குதிரைகளைப் பற்றிக் குதிரைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எட்டத்திலிருந்தே சொன்னேன்.

கிழக்கு வாசலுக்கு வந்தோம். வேன் தயாராக நின்றது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். வாசல் நிழல் முடிகிற இடத்தில் முன்னால் போன பெரியவர் தார் ரோட்டில் ஒரு காலை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார்.

செருப்பு தெற்கு வாசலில் இருந்தது.

குரூப் முழுவதும் நிழலின் விளிம்பில் வரிசையாக நின்றது. எதிரே கொதிக்கிற தார் ரோடு, அதற்கப்பால் ஏசி ஓடுகிற வேன். ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல நின்றார்கள். மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "டோக்கன் உங்ககிட்டதானே இருக்கு? ஒரு ஓட்டமா ஓடி எடுத்துட்டு வந்துடுங்கண்ணே, பக்கம்தான்" என்றார்.

பக்கம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் என்றால் ஓடியிருப்பேன், சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து ஒரு ஜோக்கும் அடித்திருப்பேன். அன்றும் ஓட முடிந்திருக்கும். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முடியாத காரியத்தை முடியாது என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டாம், கால் மடங்கி விழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் முடியும் என்கிற காரியம்தான் ஆபத்து. ஓடியிருந்தால் சீசன் என் கையில். மறுநாள் காலையில் குதிகால் தன் தீர்ப்பைச் சொல்லியிருக்கும், சீசனை வைத்துக்கொண்டு நான் கட்டிலில் கிடந்திருப்பேன். ஓடாவிட்டால் மேனேஜர் முன்னால் நான் முடிந்துபோன ஆள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னால முடியாது தம்பி," என்றேன். குரலைத் தாழ்த்த நினைத்தேன், சத்தமாக வந்துவிட்டது. "கால் இன்னும் சரியாகல. இப்ப ஓடினா நாளைக்கு நான் எந்திரிக்க மாட்டேன்."

குரூப் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து, தூணில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்த அந்த அம்மா, வாசல் படியில் சாவகாசமாக உட்கார்ந்தபடி கேட்டார்.

"எந்தக் கால்லங்க ஆபரேஷன்?"

"வலது. உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எந்த கைடும் வெறும் தூணக் காட்ட மாட்டாங்க. குதிரையைப் பத்திப் பேசினப்ப நீங்க குதிரையவே பாக்கல, சாயறதுக்குத்தான் இடம் பாத்தீங்க. எனக்கு ரெண்டு முட்டியும் மாத்தினது. சாயற இடத்தத் தேடுற கண்ணு எனக்குத் தெரியாதா?"

அதுதான் தாமதம். அந்தப் பெரியவருக்கு இடுப்பு, அவர் மனைவிக்குக் குதிகால், இன்னொருவருக்குப் பெருவிரலில் ஆபரேஷன் ஆகி விரல் இன்னும் மரத்தே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலையிலிருந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாளைக்குத் தஞ்சாவூரில் தன்னை ரூமிலேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் பயம். கூட்டிக்கொண்டு போகிறவனும் மறைத்திருக்கிறான், வருகிறவர்களும் மறைத்திருக்கிறார்கள். எல்லோருமாகச் சேர்ந்து வலியே இல்லாத ஒரு குரூப்பாகக் கோயிலைச் சுற்றி வந்திருக்கிறோம்.

டோக்கனை மேனேஜர் கையில் கொடுத்தேன். அவர் ஆட்டோ பிடித்துத் தெற்கு வாசலுக்குப் போய், சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை அவருக்கு. செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். என்னுடையதைக் கடைசியில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது யாருதுண்ணே, இப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் காலை நீட்டினேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சம்பாவனை அதுதான்.

அதற்கப்புறம் அவர் மனம் மாறி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய குரூப்புகள், வெள்ளைக்காரர்கள், காலேஜ் பசங்கள் எல்லாம் மைக் மாட்டிய இளைஞனுக்கே போனது. யாருக்கும் வேண்டாத வயதானவர்கள் குரூப் எனக்கு வந்தது. முட்டி மாற்றிய அம்மா ஊருக்குப் போய் என்ன சொன்னாரோ, மறுபடி வந்தவர்கள் சாய்ந்து நிற்க வைக்கும் கைடு வேண்டும் என்று கேட்டார்களாம். ஓய்வு பெறும் வரை எனக்கு அந்த வேலை இருந்தது. ஒவ்வொரு குரூப்பையும் அந்த வெறும் தூணில் நிறுத்தினேன். ஏன் செதுக்கவில்லை என்று தெரியாது, கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்ளுங்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே புதியவர்களே, குரூப் வேனை விட்டு இறங்கும்போது முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லாதீர்கள், காலைப் பார்த்துச் சொல்லுங்கள். முகம் டூருக்காகச் சிரித்துக்கொண்டிருக்கும். கைப்பிடியை விடாமல் இறங்குகிறவர் யார், இறங்கின உடனே சாய இடம் தேடுகிறவர் யார் என்று பாருங்கள். அப்புறம் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்யுங்கள். எந்த வாசலில் வெளியே வந்தாலும் செருப்பு எந்த வாசலில் என்று முதலில் யோசியுங்கள். உங்களால் முடியாவிட்டால் முடியாது என்று சீக்கிரமாகச் சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னாலும் அதே அவமானம்தான், வலி மட்டும் கூடுதல்.

என் வலியைப் பற்றிக் கேட்பீர்கள். இருக்கிறது. பெரும்பகுதி போய்விட்டது, மிச்சம் வாடகை கொடுக்காத குடித்தனக்காரரைப் போல அங்கேயே இருக்கிறது. காலையில் முதல் அடியில் ஒரு குரல் கொடுக்கும், காபி குடித்ததும் அடங்கும். வருஷா வருஷம் மாசி பிறந்து, மஞ்சள் துணி கட்டிய கூட்டம் எங்கள் தெரு வழியாகச் சமயபுரத்துக்கு நடக்க ஆரம்பித்ததும் என் மச்சினன் வந்து நிற்பான்.

"மாமா, வலி சுத்தமாப் போயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாப்ளே."

"சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போவான். அவனும் இதுவரை நடந்ததில்லை.

போன மாதம் பெருமாளைச் சேவித்துவிட்டு, பழைய பாசத்தில் அந்தத் தூணில் போய்ச் சாய்ந்து நின்றேன். உங்களில் ஒருவர் ஒரு குரூப்போடு வந்தார். பேட்ஜ் புத்தம் புதுசு. என்னை அவருக்குத் தெரியாது. நேராக என் தூணுக்கு முன்னால் வந்து குரூப்பை நிறுத்தினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"இதுதான் இங்க ரொம்ப விசேஷமான தூணு," என்று ஆரம்பித்தார். "சிற்பம் எதுவும் இருக்காது பாருங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு ராஜாவுக்குத் தீராத கால் வலி. இந்தத் தூண்ல சாஞ்சாரு, அந்த நிமிஷமே வலி போயிடுச்சு. உடனே, இதுல உளி படவே கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டாரு. இன்னிக்கும் இதுல சாஞ்சு நின்னா எப்பேர்ப்பட்ட கால் வலியும் சுத்தமாப் போயிடும்."

குரூப் பக்தியோடு கும்பிட்டது. அந்தத் தம்பி என் கால் பெருவிரல் முதல் கணுக்கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, மிகவும் பரிவாகச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்கும் கால்ல ஏதோ இருக்கு போலயே. நல்லா அழுத்திச் சாஞ்சுக்குங்க. இன்னியோட போயிடும்."

முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார் பாருங்கள், அவர் தேறிவிடுவார். ஆனால் நான் சட்டென்று முதுகைத் தூணிலிருந்து எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி வெயிலில் நின்றேன். ஒருவேளை அவர் சொல்வது பலித்துத் தொலைத்தால், சமயபுரம் வரைக்கும் யார் நடப்பது?